முகம் இல்லாத உருவத்தில் உணர்ச்சியை எங்கே தேடுவது?

நவீன ஓவியத்தின் முன்னால் நிற்கிறவர்கள் முதலில் தேடுவது கண்ணையும் வாயையும்தான். அவை இருந்துவிட்டால் நிம்மதி. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று சொல்லிவிடலாம். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றல், வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை என்றால், "நமக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்று அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். சினிமா போஸ்டரில் முகத்தைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அது இயல்புதான். ஆனால் இந்த வகை ஓவியத்தில் உணர்ச்சியை முகத்திலிருந்து எடுத்து வேறு இடங்களில் வைத்திருப்பார்கள். அந்த இடங்கள் எவை என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில், எந்த வகை ஓவியத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் ரவிவர்மா படங்கள் இருக்கின்றன. புடவையின் சரிகை வரைக்கும் அப்படியே இருக்கும். இன்னொரு பக்கம், ஆளும் இல்லாமல் பொருளும் இல்லாமல் வெறும் நிறமும் கோடும் மட்டுமே உள்ள அரூப ஓவியம். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் அரூப உருவ ஓவியம். பார்த்ததும் மனிதர் என்று தெரியும். ஒரு தலை, இரண்டு தோள், மடங்கிய கால் என்று ஏதோ ஒன்று காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் உடம்பின் அளவுகள் நிஜத்தில் உள்ளபடி இருக்காது. நீட்டியிருப்பார்கள், உடைத்திருப்பார்கள், பாதியை அழித்தும் இருப்பார்கள். ஓவியருக்கு வரையத் தெரியவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆளை அப்படியே காட்டுவதற்குத்தான் கேமரா வந்துவிட்டதே. எதை விட்டார், எதைப் பெரிதாக்கினார், எதை வளைத்தார் என்பதெல்லாம் அவர் வேண்டுமென்றே எடுத்த முடிவுகள். நமக்குத் துப்பும் அவைதான்.

காட்பாடியில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். வெயில் குறைந்த சாயங்காலங்களில் அவர்களை வேலூர் கோட்டைப் பக்கம் கூட்டிப்போய் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. ஆஸ்பத்திரிக்கென்று வங்காளத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்தவர்கள், கூட வந்த உறவுக்காரர்கள் எல்லாம் அங்கங்கே உட்கார்ந்திருப்பார்கள். தூரத்திலிருந்து ஒருவரைப் பத்துக் கோட்டுக்குள் வரைய வேண்டும், முகம் போடக் கூடாது. அவ்வளவுதான் பயிற்சி. வரைந்து முடித்ததும் "இவர் எப்படி இருக்கார்?" என்று கேட்பேன். முகமே இல்லாத படத்தைப் பார்த்து, அலுத்துப்போய்த் தூங்குகிறவர் யார், எதற்காகவோ காத்திருக்கிறவர் யார், ஏதோ சேதி கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் யார் என்று பிள்ளைகள் தயங்காமல் சொல்வார்கள். கழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தோள் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா, கை எதையாவது பிடித்திருக்கிறதா என்பதிலேயே எல்லாம் இருக்கும்.

அப்படி ஒருநாள் ஒரு பெரியவர். கல்கட்டையில் உட்கார்ந்து, ஸ்கேன் கவரை இரண்டு முழங்காலுக்கு நடுவில் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல்விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கவர் விழாமல் அவர் பிடித்திருந்தாரா, அவர் விழாமல் கவர் பிடித்திருந்ததா என்று சொல்ல முடியாது. எட்டாவது படிக்கிற ஒரு பெண் அவரை வரைந்திருந்தாள். கவர் ஆளைவிட உயரம்!

"கவரை ஏம்மா இவ்ளோ பெருசா போட்டிருக்க?"

"அவருக்கு இப்ப அதான சார் பெருசு?"

அரூப உருவ ஓவியத்தின் அடிப்படையை அவளாகவே பிடித்துவிட்டாள். ஒரு பொருள் கண்ணுக்கு எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிட்டு, மனசில் எவ்வளவு கனக்கிறது என்பதை அளவாக எடுத்துக்கொண்டாள். ஓவியர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அளவில் மட்டுமல்லாமல் எடையில், கோட்டில், வெற்றிடத்தில், நிறத்தில் எல்லாவற்றிலும்.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் சுலபம். படத்தில் உள்ள உடம்பின் பாரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். தரையில் ஊன்றியிருக்கிறதா, எதன் மேலாவது சாய்ந்திருக்கிறதா, அந்தரத்தில் தொங்குகிறதா? தையப் மேத்தா என்ற இந்திய ஓவியர் விழுகிற மனித உருவத்தைப் பல வருடங்கள் திரும்பத் திரும்ப வரைந்தார். நிழல், வெளிச்சம் எதுவும் கிடையாது. தட்டையான நிறப் பரப்புகள், அவற்றின் நடுவே கையும் காலும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கிப்போன ஓர் உடல். அதில் ஒன்றை வகுப்பில் போனில் காட்டியபோது ஒரு பையன், "டான்ஸ் ஆடுறாங்க சார்" என்றான். எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்றேன். "கை காலெல்லாம் பறக்குதே." பக்கத்திலிருந்த பெண் விடவில்லை: "தரையே காணோம், எங்க நின்னு ஆடுவாங்க?" அப்படியானால் குதிக்கிறார்கள் என்றான். அப்புறம் அவனாகவே போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்படி வெச்சா ஒண்ணும் ஆகல சார், நேரா வெச்சாதான் விழுறாங்க" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். படத்தைத் தலைகீழாக்கிப் பார்ப்பது ஓவியர்களே செய்கிற வேலை. எந்த உணர்ச்சி போய்விடுகிறது, எது மிஞ்சுகிறது என்று அதில் தெரிந்துவிடும். ஆட்டம், குதிப்பு, வீழ்ச்சி என்று அவன் வந்து சேர்ந்த வழியையும் கவனியுங்கள். முதலில் சொன்னதை முட்டாள்தனம் என்று தள்ள வேண்டியதில்லை. படத்தில் இருக்கும் ஒன்றை, அதாவது பறக்கிற கை கால்களை, வைத்துத்தான் சொன்னான். ஆனால் படத்தில் இல்லாத இன்னொன்று, அந்தத் தரை, அவனை நகர்த்திவிட்டது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஓவியரின் கதையைச் சொன்னேன். 1947 பிரிவினைக் கலவரத்தில், மும்பையில் தன் வீட்டிலிருந்து பார்க்கும்போது, தெருவில் ஒரு மனிதரை ஒரு கும்பல் அடித்துக் கொன்றதை மேத்தா கண்ணால் கண்டவர். அந்தக் காட்சி கடைசிவரை அவரை விடவில்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பிள்ளைகள் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள், கதையைத்தான் பார்த்திருப்பார்கள். தலைப்பையும் ஓவியர் வரலாற்றையும் கடைசியில் படியுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முகம் ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொல்வதும் உண்டு. இதைப் பார்க்க நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். ஆரணி, செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழா முடிகிற நாளில் படுகளம் நடக்கும். மைதானத்தில் மண்ணைக் கொட்டி, துரியோதனனை மல்லாந்து படுத்த நிலையில் செய்வார்கள். சுற்றி வந்து பார்க்க வேண்டிய அளவுக்குப் பெரிய உருவம். கையும் காலும் உடற்கூறு பார்த்துச் செய்தவையாக இருக்காது. அகலமாக, கரைகட்டிய மாதிரி நீண்டு கிடக்கும். முகத்தில் மட்டும் உருட்டிய கண்ணும் முறுக்கிய மீசையும். அந்த முகத்தில் துளி சோகம் கிடையாது, இன்னும் சண்டைக்கு நிற்கிற முகம். ஆனால் உடம்பு எழுந்திருக்க முடியாமல் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. கூத்துக்காரர்கள் அவன்மேல் ஏறி நடக்கிறார்கள், வீமன் தொடையில் அடிக்கிறான், தொடையிலிருந்து சிவப்பு வழிகிறது, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். ஊரே எதிர்பார்த்த முடிவுதான். இருந்தும் அங்கே அவனுக்காக ஒப்பாரி கேட்கும், பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அவன் முகத்தைப் பார்த்து யாரும் அழவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு தாழக் கிடப்பதைப் பார்த்து அழுகிறார்கள். எங்கள் பிள்ளைகளில் படுகளம் பார்த்தவர்களுக்கு நவீன ஓவியம் கொஞ்சம் சீக்கிரம் பிடிபடுகிறது என்பது என் அனுமானம்.

கோடு. குனிந்து உட்கார்ந்த ஒரே உருவத்தை, கரியை அழுத்தி, உடைத்து உடைத்து ஒருமுறை வரையுங்கள். அடுத்து, தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒருமுறை. முன்னது நெருக்கடியில் இருப்பவர், பின்னது தியானத்தில் இருப்பவர். உட்கார்ந்த நிலை மாறவே இல்லை. சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து 1960களில் கிளம்பிய தலைமுறைக்குக் கோடுதான் உயிர். அதில் ஏ.பி. சந்தானராஜ் 1932இல் திருவண்ணாமலையில் பிறந்தவர்; பிற்காலத்தில் அந்தக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தார். 1989 வரை திருவண்ணாமலை வட ஆர்க்காடு மாவட்டம்தான் என்பதால், நம்ம ஊர்க்காரர் என்ற உரிமையில் அவர் பெயரை இங்கே சேர்க்கிறேன். அவருடைய உருவங்கள் எங்காவது பார்க்கக் கிடைத்தால், ஒரு கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு அது எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே தயங்குகிறது என்று கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

வெற்றிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உருவம் நடுவில் நிற்கிறதா, மூலையில் ஒதுங்கியிருக்கிறதா, சட்டத்தின் விளிம்பு அதன் தலையை வெட்டுகிறதா என்று பார்த்தாலே போதும்.

நிறத்தில்தான் ஆரம்பத்தில் இருப்பவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் மகிழ்ச்சி என்று ஒரு பட்டியல் எங்கே பார்த்தாலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சிவப்பு நமக்குக் குங்குமம், கூறைப்புடவை, அம்மன் சேலை. அதே சிவப்புதான் துரியோதனன் தொடையிலும். நீலம் சோகம் என்ற பேச்சுக்கு 1901 முதல் 1904 வரை பிக்காசோ வரைந்த நீலப் படங்களும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தப் படங்களில் நீலம் தனியாக வேலை செய்யவில்லை. தொங்கிய கழுத்து, ஒட்டிய விரல்கள், மெலிந்த முழங்கால் எல்லாம் சேர்ந்து செய்கின்றன. 1943 வங்கப் பஞ்சத்தை நேரில் பார்த்து வரைந்த சோம்நாத் ஹோர், 1970களில் காகிதக் கூழைக் கொண்டு 'காயங்கள்' என்ற வரிசையைச் செய்தார். வெள்ளைமேல் வெள்ளை. கிழிசல், குத்து, கீறல். அங்கங்கே சொட்டுச் சிவப்பு. மனித உருவம்கூட இல்லை, தோல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்று தோன்றும். நிறப் பட்டியலை நம்பினால் வெள்ளை என்றால் அமைதி என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம்.

சரி, ஒரு முழுப் படத்தை எடுத்துக்கொள்வோம். பிக்காசோ 1937 அக்டோபரில் முடித்த 'அழும் பெண்'. லண்டனில் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உயரம் இரண்டடிதான், நம் வீட்டுச் சாமி படம் அளவு. போனில் தேடி எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் உச்சியிலிருந்து பாருங்கள். சிவப்புத் தொப்பி, அதில் ஒரு நீலப் பூ. முடி சீவி ஒழுங்காக இருக்கிறது. முகம் மஞ்சளும் பச்சையுமாக, கொஞ்சம் நோய் கண்ட மாதிரி. அப்படியே கீழே வந்தால் மூக்குக்கும் தாடைக்கும் நடுவில் எல்லாம் மாறிவிடுகிறது. மஞ்சளும் பச்சையும் அங்கே நின்றுவிடுகின்றன. வெளுத்த நீலமும் வெள்ளையும் மட்டும். வட்டமாக இருந்தவை கூர்கூராகின்றன. பற்கள் கைக்குட்டையைக் கடித்திருக்கின்றன. விரல் எது, துணி எது, கண்ணீர் எது என்று பிரிக்க முடியவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே முனை, ஒரே வெள்ளை.

இது அழுகை என்று யாரும் சொல்லிவிடலாம், தலைப்பே அதுதான். ஆனால் எப்படிப்பட்ட அழுகை? சாவு வீட்டில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். சத்தம் வெளியே வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடிக்கிற அழுகை. இந்தப் படத்தில் உள்ளதும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அழுவதைவிட அதை அடக்குவதற்கு அவள் படும் பாடு பெரிதாக இருக்கிறது. முகம் உடைந்ததே அதனால்தான். அப்புறம் அந்தத் தொப்பி. வெளியே கிளம்ப அலங்காரம் செய்துகொண்ட பிறகு சேதி வந்திருக்கிறது. தலைக்கு மேல் இன்னும் பழைய நேரம் ஓடுகிறது, வாய்ப்பக்கம் எல்லாம் முடிந்துவிட்டது. தொப்பியும் கறுப்பாக இருந்திருந்தால் இந்தப் படம் பாதிகூடத் தேறியிருக்காது.

இப்போது பின்னணிக்கு வரலாம். அந்த வருடம் ஏப்ரல் 26ஆம் தேதி ஸ்பெயினில் கெர்னிக்கா என்ற ஊரை ஜெர்மனி, இத்தாலி விமானங்கள் குண்டு போட்டு அழித்தன. பிக்காசோ அதைப் பிரம்மாண்டமான சுவரளவு ஓவியமாக வரைந்தார், கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும் வைத்து. அதில் இறந்த பிள்ளையை மடியில் ஏந்திக் கதறும் தாய் ஒருத்தி உண்டு. அந்த ஓவியம் முடிந்த பிறகும் அழும் பெண் அவரை விடவில்லை. மாதக்கணக்கில் வரைந்துகொண்டே இருந்தார், இது அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில் வருவது. முகத்துக்கு மாதிரியாக இருந்தவர் டோரா மார் என்ற புகைப்படக் கலைஞர். தன்னை வைத்து பிக்காசோ வரைந்த படங்களில் இருப்பது தானே அல்ல என்று அவர் பின்னாளில் மறுத்ததாகச் சொல்வார்கள். ஆகவே படத்தில் உள்ள உணர்ச்சியை உடனே மாதிரிக்கு இருந்தவர் கணக்கிலோ, ஓவியரின் சொந்த வாழ்க்கைக் கணக்கிலோ எழுதிவிடாதீர்கள். அது படத்தின் கணக்கு.

பார்த்ததைச் சொல்ல வரும்போது இன்னொரு சிக்கல். வகுப்பில் கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் "சோகமா இருக்கு" என்பார்கள். சரிதான், ஆனால் அந்தச் சொல்லால் ஒன்றும் பிடிபடாது. இங்கே எனக்குக் கைகொடுப்பது தொல்காப்பியம். உள்ளே இருக்கும் உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை அது எட்டாகப் பிரிக்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). அதோடு நிற்காமல் ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நந்நான்கு காரணங்களும் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை, ஒருவரையோ ஒன்றையோ இழந்ததால் வருவது, முன்பு இருந்த நிலை கெட்டதால் வருவது, இல்லாமையால் வருவது. நாடகத்தையும் கவிதையையும் மனசில் வைத்துச் சொன்னது; ஓவியத்துக்கு இவ்வளவு பொருந்தும் என்று யாரும் பாடத்தில் சொல்லித் தரவில்லை.

"சோகம்" என்று சொன்னவரிடம் நான்கில் எது என்று கேட்டுப் பாருங்கள், மறுபடியும் படத்தைப் பார்ப்பார். படுகளத்துத் துரியோதனன் அசைவு, நிலை கெட்டவன். 'அழும் பெண்' இழவு. தையப் மேத்தா ரிக்‌ஷாக்காரர்களையும் வரைந்திருக்கிறார், இழுப்பவர் உடம்பும் வண்டியும் எது எதுவென்று தெரியாமல் ஒன்றாகிப்போன உருவங்கள். அது வறுமையா, இளிவா என்று எங்கள் வகுப்பில் சண்டையே நடந்தது. விழுகிற உருவத்தை அழுகையில் சேர்க்க முடியாது, அது அச்சம். அச்சத்துக்குச் சொல்லும் நான்கு காரணங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அதாவது தெய்வமோ பேயோ, மிருகம், திருடர், அதிகாரம். ஆனால் மேத்தா தள்ளியவர் யாரென்று காட்டவில்லை. காரணத்தை மறைத்துவிட்டு விளைவை மட்டும் வைத்தால் அச்சம் இன்னும் கூடுகிறது. எல்லாப் படத்தையும் இந்த எட்டுக்குள் திணிக்கவும் முடியாது. நகரத்து ஓவியங்களில் வருகிற, காரணமே தெரியாத ஒரு வெறுமை எந்தப் பெட்டியிலும் அடங்க மறுக்கும். அப்போது விட்டுவிடுங்கள்.

"அப்படியானால் யார் என்ன சொன்னாலும் சரியா?" என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. இல்லை. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று நல்ல வாசிப்புகள் இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றும் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். "எனக்கு அப்படித் தோணுச்சு" என்பதோடு நின்றால் அது உங்கள் மனநிலை. "அந்தத் தோள் காதுவரை ஏறியிருக்கு, அதனால அப்படித் தோணுச்சு" என்றால் அது வாசிப்பு. அதன்மேல் மற்றவர் வாதாடலாம், மறுக்கலாம்.

போனில் பார்ப்பதில் ஒரு குறை உண்டு. கெர்னிக்கா ஓவியம் கிட்டத்தட்ட 7.8 மீட்டர் அகலம், 'அழும் பெண்' இரண்டடி. திரையில் இரண்டும் உள்ளங்கைக்குள் ஒரே அளவு. அசலை நேரில் பார்த்தால்தான் ஓர் உருவம் நம்மைவிடப் பெரியதா, நாம் குனிந்து பார்க்க வேண்டியதா என்பது தெரியும். வண்ணம் எங்கே தடித்திருக்கிறது, எங்கே துணி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும். வேலூர் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய சிற்பங்களின் உடல்நிலைகளைப் பார்த்துப் பழக நல்ல இடம். நவீன ஓவியத்துக்குச் சென்னைதான் போக வேண்டும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது, சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து கிளம்பிய அந்தச் 'சென்னை இயக்க' ஓவியர்களின் படைப்புகளை அங்கே அசலாகப் பார்க்கலாம். காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். ஒரே நாளில் எல்லாப் படத்தையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள், இரண்டு மூன்று போதும். ஒவ்வொன்றையும் முதலில் எட்ட நின்று, அப்புறம் தூரிகைத் தடம் தெரிகிற தூரத்துக்குப் போய், மறுபடியும் எட்ட வந்து பாருங்கள். பெயர்ச்சீட்டை அதற்குப் பிறகு படித்தால் போதும். தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கூட வந்தால் அதுதான் பெரிய வேலை.